சைக்கிளில்தான் போகிறேன், அப்பா

ஆம்ஸ்டர்டாம்,
டிசம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலம்தானே? போன வாரம் பேசும்போது, "சைக்கிள்ல வேலைக்குப் போறதுக்கா அவ்வளவு தூரம் போனே?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போன் சித்தி கைக்குப் போய், அங்கிருந்து மாமா கைக்குப் போய், கடைசியில் கட்டாகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு ஐந்து பேர் பேசினால் இப்படித்தான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள், ஓர் இடத்தைத் தவிர. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஆமாம் அப்பா, சைக்கிள்தான். காசில்லாமல் இல்லை. எங்கள் அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவர், அவருக்கும் மேலே இருப்பவர், எல்லோரும் கோட்டு சூட்டோடு சைக்கிளில்தான் வந்து இறங்குகிறார்கள். 2010 முதல் 2024 வரை இந்த நெதர்லாந்து நாட்டின் பிரதமராக இருந்த மார்க் ருட்டேயே சைக்கிளில் அலுவலகம் போனவர். வாக்கிங் போகுமிடத்தில் உங்கள் நண்பர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள், போதும்.

என் சைக்கிள் கறுப்பு, பழசு, எத்தனை கை மாறியதோ தெரியாது. ஹேண்டில்பாரில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். நீங்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள் நான். ஓட்டும்போது நடுவில் பெடலைச் சும்மா ஒரு சுற்றுப் பின்னால் சுற்றுவேனே, ஞாபகம் இருக்கிறதா? முதல் நாளே பழக்கதோஷத்தில் அதைச் செய்தேன். ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் பெல்லை அடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்கு டச்சு தெரியாது, நல்லவேளை.

இதுதான் அம்மாவுக்குப் படிக்க வேண்டாத இடம். அக்டோபரில் ஒருநாள் தூறலில் டிராம் தண்டவாளத்தை ஒட்டியே போய், மெல்ல அந்தப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். முன்சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டித்தான் கடக்க வேண்டுமாம். தூக்கிவிட்ட பையன் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குப் பத்து வயது இருக்கும். இங்கே ஹெல்மெட் கட்டாயமில்லை, போட்டால் சுற்றுலா வந்தவள் என்று நினைப்பார்கள். நான் போடுகிறேன், நினைத்துவிட்டுப் போகட்டும். சரி, இனி அம்மாவுக்குப் படிக்கலாம்.

பெரிய தெருக்களில் சைக்கிளுக்குச் செந்நிறத்தில் தனிப்பாதை. சந்திப்புகளில் தரையில் வரிசையாக வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருக்கும், 'சுறாப் பல்' என்கிறார்கள். பல் நம்மைப் பார்த்து நீட்டியிருந்தால் நாம் வழிவிட வேண்டும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அபராதம், 2019இலிருந்து.

இது எப்போதும் இப்படி இருந்த நாடில்லை. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், அதில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று சொல்லிப் பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. கீழ்வீட்டுப் பாட்டி அப்போது சின்னப் பெண். நெடுஞ்சாலையின் நடுவே நடந்துபோனதை இன்னும் கண் விரியச் சொல்கிறார்.

சைக்கிள் நிறுத்துவதுதான் பெரும்பாடு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் ஒரு நிறுத்துமிடம் கட்டி 2023இல் திறந்தார்கள். ஏறக்குறைய 7,000 சைக்கிள் நிற்கும். எந்த வரிசையில் விட்டேன் என்பதை மறந்துவிட்டு ஒருநாள் அரை மணி நேரம் அலைந்தேன். எல்லாம் கறுப்பு, எல்லாம் பழசு. கடைசியில் நீங்கள் சொன்னபடி சீட்டில் கட்டியிருந்த சிவப்புத் துணிதான் காட்டிக்கொடுத்தது.

தினமும் வொண்டெல்பார்க் வழியாகத்தான் போகிறேன். 1865இல் திறந்த பூங்கா, பழைய கவிஞர் ஒருவரின் பெயர். சதுப்பு மண் என்பதால் தரை கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டே இருக்கிறதாம். அவ்வப்போது மேடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மழை பெய்தால் புல்வெளி குளமாகிவிடுவது அதனால்தான்.

போன மாதம் ஒரு காலை. மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது, சரியாக விடியக்கூட இல்லை. தலைக்கு மேலே 'கீ கீ' என்று ஒரே இரைச்சல். எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று இறங்கி அண்ணாந்து பார்த்தேன். மொட்டை மரம் முழுக்கப் பச்சைக்கிளி! அதே சிவப்பு மூக்கு, கழுத்தில் அதே கறுப்பு ஆரம், ஒற்றைக் காலால் எதையோ பிடித்துக்கொண்டு கொறிக்கும் அதே ஜோர். நம் வீட்டு மரத்துக்கு வருமே, அதே சாதி. கூண்டிலிருந்து தப்பிய கிளிகளின் வம்சம் என்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று இங்கே பலருக்குப் புகார். எனக்கு விசா கிடைக்க நான்கு மாதம் ஆனது. இவை யாரைக் கேட்டு வந்தன? அன்று வேலைக்கு இருபது நிமிடம் தாமதம்.

வெயில் அடித்தால் ஊரே பூங்காவில் படுத்துக்கிடக்கிறது. கோடையில் ஒருநாள் நான் வழக்கம்போல நிழல் தேடி மரத்தடியில் உட்கார்ந்தேன். அங்கே நான் மட்டும்தான். பத்து நிமிடத்தில் குளிரெடுத்து நானும் வெயிலுக்கு நகர்ந்துவிட்டேன்.

ஊரில் மேடே கிடையாது. ஆனால் எதிர்காற்று இருக்கிறதே, அப்பா! போகும்போதும் எதிரே, வரும்போதும் எதிரே, சத்தியமாக. எதிர்காற்றில் ஓட்டுவதற்கென்றே தேசிய அளவில் போட்டி வைக்கிறார்கள், அதுவும் புயல் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து. இந்த ஜனங்களை என்ன சொல்வது!

மே மாதம் நீங்களும் அம்மாவும் வரும்போது உங்களுக்கு ஒன்று வாடகைக்கு எடுத்து வைக்கிறேன். செயின் முழுக்க மூடியிருக்கிற மாதிரி பார்த்து எடுக்கிறேன், வேட்டி சிக்காது. அம்மாவுக்குப் பயமாக இருந்தால் முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த சைக்கிள் இருக்கிறது. குழந்தைகளை உட்காரவைத்துத்தான் ஓட்டுவார்கள், அம்மாவும் தாராளமாக உட்காரலாம். நான் மிதிக்கிறேன்.

பிரேக் பின்னால் மிதித்தால்தான். அதை மட்டும் இப்போதிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்