பெண்கள் அணிக்கு இடம் கிடைக்கும்வரை ஆப்கானிஸ்தானோடு தொடர் வேண்டாம்: கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

2023 அக்டோபர் 23 அன்று சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். இலக்கு 283. குர்பாஸும் இப்ராகிம் ஸத்ரானும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 130 ரன் அடித்துக்கொடுத்துவிட்டுப் போக, ரஹ்மத் ஷா 77 ரன்னோடு கடைசிவரை நின்றார். ஓர் ஓவர் மிச்சமிருக்க எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த பெரியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அகதி முகாம்ல ஆரம்பிச்ச பசங்க தம்பி, எங்க வந்து நிக்கிறாங்க பாருங்க" என்றார். அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது எங்கள் வரிசையில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த அணியை நேசிக்கிறவன். சென்னை கடைசி இடத்தில் முடித்த 2025 ஐபிஎல்லில் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதலே ஆப்கானிஸ்தானின் நூர் அகமது எடுத்த 24 விக்கெட்தான். அந்த நேசத்தோடுதான் உங்களிடம் இதைக் கேட்கிறேன்: ஆப்கானிஸ்தான் பெண்கள் அணிக்கு, உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐசிசியின் அங்கீகாரமும் அவர்களுக்குச் சேர வேண்டிய பணமும் கிடைக்கும்வரை, ஆப்கானிஸ்தான் வாரியத்தோடு இருதரப்புத் தொடர் எதுவும் ஆடாதீர்கள். இங்கே அழைக்கவும் வேண்டாம், வேறு ஊரில் போய் ஆடவும் வேண்டாம்.

என் அக்கா மகள் மதுரையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். லெக் ஸ்பின் போடுவாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரித்துண்டால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறாள், அதுதான் ஸ்டம்ப். போனைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்து, ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் பந்து வீசுகிற வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, அவர் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். சென்ற ஆண்டு பெண்கள் உலகக் கோப்பை நடந்தபோது ஐசிசி தரவரிசையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், "மாமா, ரஷீத் கான் ஊரு இதுல எங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். தாலிபான் ஆட்சியில் பெண்கள் கிரிக்கெட் ஆட முடியாது என்று சொன்னேன். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடமே போக முடியாது என்பதையும் சொல்ல வேண்டி வந்தது. "அப்ப நான் அங்க இருந்தா ஒன்பதாவதே படிக்க முடியாதா?" என்றாள். அதற்கு மேல் கிரிக்கெட் பற்றி அவள் கேட்கவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன். 2017இல் அயர்லாந்தோடு சேர்த்து ஆப்கானிஸ்தானும் ஐசிசியின் முழு உறுப்பினர் ஆனது. முழு உறுப்பினர் என்றால் பெண்கள் கிரிக்கெட்டுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. 2020 நவம்பரில் ஆப்கானிஸ்தான் வாரியமே 25 பெண்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. ஒன்பது மாதம்கூட முழுதாகப் போகவில்லை; 2021 ஆகஸ்ட் 15இல் தாலிபான் காபூலுக்குள் நுழைந்தது. அந்த 25 பேரில் பெரும்பாலானோர் உயிருக்குப் பயந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். முன்னாள் ஆஸ்திரேலிய வீராங்கனை மெல் ஜோன்ஸ் போன்றவர்கள் அவர்களை வெளியே கொண்டுவர அலைந்தார்கள். கான்பெராவிலும் மெல்போர்னிலும் உள்ளூர் கிளப்புகளில் ஆடிக்கொண்டே, 2024இல் அவர்களில் 17 பேர் சேர்ந்து ஐசிசிக்குக் கடிதம் எழுதினார்கள்.

அந்தக் கடிதத்தில் அவர்கள் யாரையும் தடை செய்யச் சொல்லவில்லை. ஆண்கள் அணியைப் பற்றிப் பெருமையாகத்தான் எழுதியிருந்தார்கள். தங்களை அகதிகள் அணியாக ஆடவிடுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். இவ்வளவு சின்னக் கோரிக்கைதான்.

2025 ஜனவரி 30 அன்று மெல்போர்ன் ஜங்ஷன் ஓவலில், நாஹிதா சபான் தலைமையில், அவர்கள் முதல்முறையாக ஒரே அணியாகச் சேர்ந்து ஆடினார்கள். அது ஒரு காட்சி ஆட்டம். ஐசிசி கணக்கில் சேராது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2023இல் வந்த செய்திகளின்படி, ஐசிசி வருமானத்தில் ஆப்கானிஸ்தான் வாரியத்துக்கு ஆண்டுக்கு சுமார் 1.7 கோடி டாலர் பங்கு. பெண்கள் அணி என்ற ஒன்றே இல்லாமல், முழு உறுப்பினருக்கான முழுப் பங்கு. அரசு தலையிட்டது என்பதற்காக 2019இல் ஜிம்பாப்வேயையும், 2023 நவம்பரில் இலங்கையையும் ஐசிசி இடைநீக்கம் செய்தது. இலங்கை விஷயத்தில் உலகக் கோப்பை முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வாரியத்தின் நிர்வாகிகளை அமைச்சர் மாற்றினால் தலையீடு. ஓர் அணியையே அரசு இல்லாமல் ஆக்கினால் அதற்கு என்ன பெயர்? இந்தக் கேள்விக்கு நான்கு ஆண்டுக்கு மேலாக யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பேஸில் டி ஒலிவேராவை நினைத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்த கிரிக்கெட் வீரர். வெள்ளையர்கள் மட்டுமே ஆண்ட அந்த நாட்டு நிறவெறி அரசின் கணக்கில் அவர் 'கலப்பினத்தவர்'. எத்தனை சதம் அடித்தாலும் தென்னாப்பிரிக்க அணிக்கு அவர் பெயரை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டின் உதவியோடு 1960இல் இங்கிலாந்து போனார், 1966இல் இங்கிலாந்துக்கே ஆடினார். 1968 ஆகஸ்டில் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தார். சில நாளில் தென்னாப்பிரிக்கா போகும் இங்கிலாந்து அணியை அறிவித்தார்கள். 158 அடித்தவர் பெயர் அதில் இல்லை. ஊரே கொதித்தது. டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகிய பிறகுதான் அந்த இடத்தில் இவரைச் சேர்த்தார்கள். இந்த அணியை உள்ளே விட மாட்டேன் என்றார் பிரதமர் வோர்ஸ்டர். பயணம் ரத்தானது. 1970இல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வருவதாக இருந்த பயணத்தையும் மாணவர்கள் போராடி நிறுத்தினார்கள்.

அப்போதைய தென்னாப்பிரிக்கா சாதாரண அணி இல்லை. ஆஸ்திரேலியாவை 4-0 என்று தோற்கடித்து முடித்த கையோடு, நிறவெறிக்காக உலகக் கிரிக்கெட்டுக்கு வெளியே நின்றது. அதற்குப் பிறகு 22 ஆண்டு டெஸ்ட் கிடையாது. பாரி ரிச்சர்ட்ஸ் நான்கே டெஸ்டில் 508 ரன் அடித்தார். அதோடு முடிந்தது அவருடைய டெஸ்ட் வாழ்க்கை. அவருக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் 1971 ஏப்ரலில் நியூலாண்ட்ஸ் மைதானத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ரிச்சர்ட்ஸ், புரொக்டர், பொல்லாக் எல்லோருமாக ஒரே ஒரு பந்து ஆடிவிட்டு, திறமையைப் பார்த்து அணியைத் தேர்வு செய்யுங்கள் என்று கேட்டு மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். வெளியே கதவு மூடத் தொடங்கிய பிறகுதான் உள்ளே அந்தக் குரல் கேட்டது.

தடை நீங்கி அவர்கள் முதலில் ஆடியது உங்கள் அழைப்பின்பேரில்தான். 1991 நவம்பர் 10, ஈடன் கார்டன். அதற்கு 34 ஆண்டு கழித்து, 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நாம் 52 ரன்னில் ஜெயித்தோம். எதிரணியில் மூன்று விக்கெட் எடுத்தவர் அயபோங்கா காகா, ஒரு கறுப்பினப் பெண். பழைய தென்னாப்பிரிக்காவில் அந்தச் சட்டையை அவர் கனவிலும் போட்டிருக்க முடியாது.

அந்த நாட்களில் இந்தியா செய்ததை எங்கள் ஊர்க்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 1974இல் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த அணி, ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் சாய்த்து டென்னிஸின் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரில் தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்றது இந்தியா. ஒரு பந்துகூட அடிக்காமல் அவர்களுக்குக் கோப்பை போனது. விஜய்க்கு அப்போது 21 வயதுகூட ஆகவில்லை. இன்றுவரை நாம் அந்தக் கோப்பையை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கிரிக்கெட்டிலும் அப்படித்தான்: இங்கிலாந்திலிருந்தும் வெஸ்ட் இண்டீசிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் காசு வாங்கிக்கொண்டு தென்னாப்பிரிக்கா போன அணிகள் உண்டு. இந்தியாவிலிருந்து ஒன்றும் போகவில்லை.

சரி, ஆப்கானிஸ்தான் வீரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்னைத் தூங்கவிடாத கேள்வியும் அதுதான். அவர்கள் யாரும் இந்தத் தடையைக் கொண்டுவரவில்லை. 2024 டிசம்பரில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பும் மூடப்பட்டபோது ரஷீத் கான் வெளிப்படையாக அதை எதிர்த்து எழுதினார். சொந்தபந்தம் எல்லாம் அந்த நாட்டில் இருக்கும்போது அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். அதனால்தான் உலகக் கோப்பையிலிருந்தோ ஐபிஎல்லிலிருந்தோ அவர்களைத் துரத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. உலகப் போட்டிகளில் ஆடட்டும். கிளப்புகளில் ஆடட்டும். வாரியத்துக்கும் வாரியத்துக்கும் இடையே கைகுலுக்கி நடத்துகிற தொடர் மட்டும் வேண்டாம். அந்தக் கைகுலுக்கல்தான் தாலிபானின் கீழ் இயங்கும் வாரியத்துக்கு 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்ற சான்றிதழைத் தருகிறது.

இது உங்களுக்குப் புதிய வழியும் இல்லை. 2013 ஜனவரிக்குப் பிறகு பாகிஸ்தானோடு இருதரப்புத் தொடர் ஆடாமல், ஐசிசி போட்டிகளிலும் ஆசியக் கோப்பையிலும் மட்டும் அவர்களைச் சந்திக்கிறீர்கள். அரசியலையும் விளையாட்டையும் கலக்கக் கூடாது என்று உங்களால் எப்படிச் சொல்ல முடியும்?

ஆஸ்திரேலியா இதைச் செய்து என்ன ஆயிற்று என்றும் கேட்கலாம். 2021இல் ஹோபார்ட் டெஸ்டைத் தள்ளிவைத்தார்கள், 2023இல் ஒருநாள் தொடரிலிருந்து விலகினார்கள், 2024இல் டி20 தொடரையும் தள்ளிவைத்தார்கள். காபூலில் எதுவும் மாறவில்லை. உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியா ஆப்கானிஸ்தானின் தாய்வீடு இல்லை. நீங்கள்தான் தாய்வீடு. சொந்த ஊரில் ஆட முடியாத அவர்களுக்கு நொய்டாவிலும் டேராடூனிலும் லக்னோவிலும் மைதானம் கொடுத்தவர்கள் நீங்கள். 2018இல் பெங்களூரில் அவர்களுடைய முதல் டெஸ்டை ஆடியவர்கள் நீங்கள். 2024 ஜனவரியில் அதே பெங்களூரில் இரண்டு சூப்பர் ஓவர் வரை போன அந்த ஆட்டத்தை எங்களுக்குக் கொடுத்தவர்களும் நீங்கள். ஐசிசி வருமானத்தில் மிகப் பெரிய பங்கு உங்களுடையது. இன்று ஐசிசி தலைவராக இருக்கும் ஜெய் ஷா நேற்றுவரை உங்கள் செயலாளர். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அங்கே கேட்கும்.

கேட்கும் என்பதற்கு அண்மையில் நம் கண்முன்னே ஒன்று நடந்தது. 2025 அக்டோபர் 10 அன்று தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி டெல்லியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பெண் பத்திரிகையாளர்கள் யாருக்கும் அழைப்பு இல்லை. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. இரண்டே நாளில், அக்டோபர் 12 அன்று, இன்னொரு சந்திப்பு வைத்தார்கள். பெண் பத்திரிகையாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அவரிடம் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேட்டார்கள். இந்தியாவின் முகம் தாலிபானுக்குத் தேவைப்படுகிறது. அந்தத் தேவை இருக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

2025 ஏப்ரலில் ஐசிசி, நீங்கள், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்களுக்கு உதவ ஒரு குழுவும் நிதியும் அறிவித்தீர்கள். மனதார நன்றி. ஆனால் உதவித்தொகை வேறு, அணி வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று ஆண்கள், மூன்று பெண்கள் என்று ஆப்கானிஸ்தான் அணி வந்தது. தாலிபான் அதிகாரிகளுக்கு அங்கே இடமில்லை. 2025 அக்டோபரில் மொராக்கோவில் ஆப்கானிஸ்தான் அகதிப் பெண்களின் கால்பந்து அணியை ஃபிஃபா ஆடவைத்தது. மற்ற விளையாட்டுகளால் முடிந்தது நம் விளையாட்டாலும் முடியும்.

அடுத்த தொடருக்கான ஒப்பந்தத் தாள் உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, அந்தப் பெண்களின் அணியை ஐசிசி தன் பட்டியலில் சேர்த்து ஆட்டங்கள் கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஆப்கானிஸ்தானுக்குப் போகும் ஆண்டுப் பங்கில் பெண்கள் கிரிக்கெட்டுக்கான பகுதியை நிறுத்தி, நேராக அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் நடந்துவிட்டால் முதல் தொடரைச் சேப்பாக்கத்திலேயே வையுங்கள். ஆண்கள் ஆட்டம் ஒரு நாள், பெண்கள் ஆட்டம் மறுநாள். இரண்டுக்கும் நான் டிக்கெட் எடுப்பேன். அக்கா மகளையும் மதுரையிலிருந்து கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
சேப்பாக்கம் கேலரியிலிருந்து ஒரு ரசிகன்