டிரம்மைக் கலக்கிய பாப்பாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டத்தாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து சாளைக்கு, எங்கள் தோட்டத்து வீட்டுக்கு, வந்துவிட்டார். நேற்றுக் காலை கைத்தடியை ஊன்றி வரப்பு வரைக்கும் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

37 நாள் கழித்து உள்ளே நுழைந்ததும் என் கண் போனது கட்டுத்தறி ஓரம் நிற்கும் நீல டிரம்முக்குத்தான். அவருக்கு அப்படி ஆவதற்கு முதல் நாள் அதில் பயிருக்கு ஊட்டமாகத் தெளிக்கும் பஞ்சகவ்யம் கூட்டி வைத்திருந்தோம். எங்கள் காங்கேயம் மாட்டுச் சாணி 5 கிலோவில் அரைக் கிலோ நெய்யைப் பிசைந்து மூன்று நாள் வைத்து, நான்காம் நாள் கோமியம், பால், தயிர், இளநீர், கரும்புச்சாறு, கனிந்த வாழைப்பழம் எல்லாம் சேர்த்தது. பஞ்சகவ்யத்தை வயலுக்குக் கொண்டுவந்த கொடுமுடி டாக்டர் நடராஜன் ஐயா காட்டிய வழி. கூட்டுவது பெரிய வேலை இல்லை. காலையும் மாலையும் விடாமல் கலக்குவதுதான் வேலை. விட்டால் காற்றோட்டம் இல்லாமல் கெட்டுப் புழு வைத்துவிடும்.

கொட்டிக் கழுவிவிடலாம் என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்க்கட்டை அவிழ்த்தேன். பழ வாசம் அடித்தது. வாழைத்தாரைப் பழுக்கப் போட்ட அறையில் இனிப்பும் புளிப்புமாக வருமே, அந்த வாசம். மேலே லேசாக நுரை. கலக்குகிற வேப்பங்குச்சி இன்னும் ஈரமாக இருந்தது.

நிமிர்ந்தால், சுவரெல்லாம் கரிக்கோடு. நாளுக்கு இரண்டு கோடாக ஜோடி ஜோடியாக. விரல் வைத்து எண்ணினேன், 73. ஓரிடத்தில் மட்டும் ஒற்றைக்கோடு, அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு வட்டம்.

பால் வாங்க வரும் பாப்பா. ஒன்பதாவது படிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் தேங்காய்க் களத்தில் வேலை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் கலக்கும்போது என்றைக்கோ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு நாள் விட்டாலும் வீணாய்ப் போய்விடும் என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவே இல்லை. யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பு ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, வலப்பக்கம் ஐம்பது சுற்று, இடப்பக்கம் ஐம்பது சுற்று.

சாயந்திரம் வந்தவள் ஓரமாக நின்றுகொண்டு, "வாசம் சரியா இருக்குதுங்களாக்கா?" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்து, "அன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸுங்க, இருட்டிப் போச்சுங்க" என்று அந்த வட்டத்தைக் காட்டினாள். 73 தடவை செய்ததைச் சொல்லவில்லை, விட்ட ஒரு தடவையைச் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் வராத அழுகை.

நெல் அப்போது கதிர் வெளியே வருவதற்கு முந்தின தொண்டைக்கதிராக நின்றது. அடுத்த நாள் விடிந்ததும் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி வீதம் கலந்து 50 சென்ட் தூயமல்லி நெல்லுக்கும் அடித்து முடித்தோம்.

ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி ஒரு மணிக்கு வண்டி எடுத்தவர், மாட்டைக் கறந்தவர்கள், முறைத் தண்ணீரை எங்கள் வயலுக்கும் திருப்பிவிட்ட பங்காளி வீட்டார், களை பறித்துவிட்டுக் கூலி வேண்டாம் என்று போன அக்காமார்கள், தினமும் தூக்குப்போசியில் ரசஞ்சோறு கொடுத்தனுப்பியவர்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.

அந்த ரசஞ்சோற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக நஞ்சில்லாமல் விளைய வைத்துச் சாப்பிடுகிறோம். எங்கள் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினோம். நடுவில் எனக்குள் ஒரு பெருமை வந்துவிட்டது. எங்கள் சோறுதான் நல்ல சோறு, உர உப்பும் பூச்சி மருந்தும் போடுகிறவர்கள் வீட்டில் கை நனைக்கத் தயங்குவேன். அந்த வீடுகளிலிருந்து வந்த சோறுதான் 37 நாளும் எங்களைக் காப்பாற்றியது. என் தயக்கம் உங்களில் சிலர் மனதை நோகடித்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். இயற்கை விவசாயத்தை நான் விட மாட்டேன், அதில் என் நம்பிக்கை குறையவில்லை. ஆனால் எங்கள் சாப்பாட்டை நாங்களே விளைவித்துக்கொள்கிறோம் என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

பொங்கலுக்கு முன்பே அறுத்துவிடலாம் என்கிறார் அவர். இனி வருஷா வருஷம் ஒரு மூட்டை அரிசி பாப்பா வீட்டுக்குப் போகும். அது தானம் இல்லை, அவள் பங்கு. சாளைக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். பட்டிப் பொங்கலுக்கு, மாட்டுப் பொங்கல் அன்றைக்கு, எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். இந்த வயல் அரிசிதான் பானையில் பொங்கும்.

உனக்கு என்ன கண்ணு வேணும் என்று அவளிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அதுல கொஞ்சம் குடுங்கக்கா, எங்க வாசல் முருங்கைக்கு ஊத்தணும்" என்றாள். எண்ணெய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவி, வாய் வரைக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.