ஆயிரத்துக்குள் ஒளிந்த கால்

வடபழனி
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு இரண்டு சாக்கு வைத்திருக்கிறேன். முதலாவது, அம்மாவின் கண்புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்துவிட்டது. வேளாவேளைக்கு நான்தான் சொட்டு மருந்து விடுகிறேன். டிவி பார்க்கக் கூடாது என்று நானே தடையும் போட்டிருக்கிறேன். விளைவு, என் ஆபீஸ் மீட்டிங்குகளை அம்மா சீரியல் மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டார். போன வாரம் வீட்டிலிருந்து வேலை பார்த்த அன்று, "ஃபங்ஷன் கால், ஃபங்ஷன் கால்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன் போல. போனை வைத்ததும், "யார் வீட்டு ஃபங்ஷன்டா? நம்மளக் கூப்பிடவே இல்லையே?" என்றார்.

இரண்டாவது சாக்கு அந்த ஃபங்ஷன் கால்தான்: ப்ரோக்ராமின் ஒரு பகுதி, அதாவது ஒரு ஃபங்ஷன், இன்னொன்றை வேலைக்குக் கூப்பிடுவது. உனக்கு இது பிடிக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் ராத்திரி ஓடும் பில்லிங் ப்ரோக்ராம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் நடுநிசிக்கு முன் முடிந்துவிடுமாம், இப்போது விடியற்காலை 4 மணி ஆகிறது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை, மெஷின் கோடாக மாறிய பைனரி மட்டும்தான். நல்ல வேளையாக ஃபங்ஷன் பெயர்களை அதிலிருந்து உரித்து எடுக்காமல் விட்டிருந்தார்கள். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் டூலைப் போட்டுப் பார்த்தேன். எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்தது. அதை யார் கூப்பிடுகிறார்கள், எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்பது தெரியவில்லை. கூப்பிட்டவரின் தடத்தைக் காட்டும் ஃப்ரேம் பாயிண்டர் இல்லாமல் கம்பைல் செய்திருந்ததால், ஸ்டாக்கைப் பிடித்து லேசாக மேலே ஏறவும் வழியில்லை.

சரி, நாமே ஒரு சின்ன ப்ரொஃபைலர் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மெஷின் கோடில் எங்கெல்லாம் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடுகிறதோ, அங்கெல்லாம் அந்த அழைப்பை என் கவுண்ட்டர் பக்கம் திருப்ப வேண்டும். கவுண்ட்டர் ஒன்றைக் கூட்டிவிட்டு, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடும். அவ்வளவுதான்.

எக்ஸ்86-இல், அதாவது இன்டெல் வகை ப்ராசஸரில், சாதாரண கால் 5 பைட். முதல் பைட் 232, ஹெக்ஸில் ஈ8. அடுத்த 4 பைட்டும் தூரம்: இந்த 5 பைட் முடியும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்ற கணக்கு, சின்ன மதிப்புள்ள பைட் முதலில். ஆக 232-ஐத் தேடு, பின்னால் இருக்கும் 4 பைட்டை மாற்று. ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன்.

முதல் அடி உடனே விழுந்தது. ப்ராசஸருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் ஒன்றில் 1000 என்ற எண்ணைப் போடும் கட்டளை பைனரியில் எப்படி இருக்கும் தெரியுமா? 184, 232, 3, 0, 0. மூன்று 256-ம் 232-ம் சேர்ந்தால் 1000. நடுவில் உட்கார்ந்திருக்கும் 232 ஆயிரத்தின் ஒரு துண்டு, கால் கிடையாது. நம் ஆட்கள் ப்ரோக்ராமில் 1000-ஐ எத்தனை இடத்தில் எழுதுகிறார்கள் என்று உனக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பொதுமொழி என்று ஒன்று படித்தோமே, வேங்கை? சேர்த்துப் படித்தால் புலி, வேம் கை என்று பிரித்தால் வேகிற கை. எக்ஸ்86 முழுக்க அப்படித்தான். ஒரு கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட் வரையும் போகலாம், நடுவே இடைவெளி எதுவும் கிடையாது. எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறாய் என்பதைப் பொறுத்துத்தான் 232-க்கு அர்த்தம்.

இதற்கு முன்னோர்கள் என்ன செய்தார்கள் என்று பழைய ப்ரொஃபைலரான ஜிபிராஃபின் கோடைத் திறந்தேன். 1982-இல் கட்டுரையாக வந்த விஷயம், நாம் கிண்டியில் படித்தபோதே அதற்கு நரைத்துவிட்டது. அதில் 386-க்கான, அதாவது பழைய எக்ஸ்86-க்கான, பகுதி ரொம்ப எளிமை. பைட் பைட்டாக 232-ஐத் தேடுகிறது. கிடைத்தால் பின்னால் உள்ள தூரத்தைக் கூட்டிப் பார்க்கிறது. போய் விழும் இடம் தெரிந்த ஒரு ஃபங்ஷனின் முதல் பைட்டாக இருந்தால்தான் அது கால். இல்லாவிட்டால் ஒரு பைட் தள்ளி மறுபடி தேடு. யோசித்துப் பார், அழகான சோதனை. வழியில் போகிற ஏதோ 4 பைட், சரியாக ஒரு ஃபங்ஷனின் வாசற்படியில் போய் நிற்பது அபூர்வம். அப்படியே காப்பி அடித்தேன். பொய்க் கால்கள் எல்லாம் கழிந்துபோயின. 32 பிட் கோடில், தான் இருக்கும் முகவரியைத் தெரிந்துகொள்வதற்காகத் தூரம் 0 என்று போட்டு அடுத்த வரியையே கூப்பிட்டுக்கொள்ளும் தந்திரம் ஒன்று உண்டு. அதைக்கூட இந்தச் சோதனை தடுத்துவிடும்.

அப்புறம் டெமோ நாள். வாடிக்கையாளரின் ஆபீஸில் டூலைப் பொருத்தி ராத்திரி ஓடவிட்டோம். காலையில் பில்லிங் ப்ரோக்ராமின் ரிப்போர்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்த நேரம் 0 செகண்ட், 0 செகண்ட், 0 செகண்ட். அவர்கள் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "உங்க டூல் போட்டதுமே ஸ்பீட் ஆயிடுச்சே சார்!" எங்கள் மேனேஜரும் அடக்கமாகச் சிரித்து வைத்தார். வேலை முடிந்தது என்னவோ வழக்கம்போல 4 மணிக்குத்தான். எதையோ உடைத்துவிட்டேன் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டு ராத்திரி தேடினேன். கிடைத்தது இதுதான். ப்ரோக்ராமில் ஒரே ஒரு ஃபங்ஷனை யாரோ கையால் அசெம்பிளியில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான், அதற்குத் தேவையான 1000 என்ற எண்ணை, 8 பைட்டாக, ஃபங்ஷனின் தலைக்கு நேர் முன்னால் வைத்திருக்கிறார். மில்லிசெகண்டைச் செகண்டாக்க வகுக்கும் 1000. பைட்டுகளைப் பார்: 232, 3, 0, 0, 0, 0, 0, 0.

இதைக் கால் என்று படித்துப் பார். தூரம் 3. கால் 5 பைட்டில் முடிகிறது, அங்கிருந்து 3 தள்ளினால் 8 பைட்டும் தாண்டி, சரியாக அந்த ஃபங்ஷனின் முதல் பைட். ஒரு பைட்கூடப் பிசகவில்லை! 232-ம் இருக்கிறது, போய் நிற்கும் இடமும் வாசற்படி. என் டூல் கூசாமல் அந்த 4 பைட்டை மாற்றி எழுத, 1000 என்ற அந்த எண் கோடிக்கணக்கில் எகிறிவிட்டது. எந்த நேரத்தை அதனால் வகுத்தாலும் பூஜ்யம். கோபம் போய், கொஞ்ச நேரம் அதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவாயா?

கட்டளை கட்டளையாக நீளம் பார்த்து வரிசையாகப் படித்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. முந்தைய ஃபங்ஷன் 195-இல், அதாவது ரிட்டர்னில், முடிகிறது. வரிசையாகப் படிப்பவன் அடுத்த பைட்டைப் புதுக் கட்டளை என்று எடுத்துக்கொள்வான், அது 232. பைட்டுகளைக் கட்டளையாகப் படித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பும் அதைக் கால் என்றே காட்டியது. கடைசியில் உதவியது, ப்ரோக்ராம் ஓடும் வழியிலேயே படித்துப் போவது. ஃபங்ஷன் தலையில் ஆரம்பி, தாவும் கட்டளை வந்தால் இரண்டு வழியையும் குறித்துக்கொள், ரிட்டர்ன் வந்தால் நின்றுவிடு. யாரும் வந்து சேராத பைட்டில் கை வைக்காதே.

இதில் நஷ்டமும் உண்டு. 255-இல் தொடங்கி, ரெஜிஸ்டரில் இருக்கும் முகவரியைக் கூப்பிடும் கால் எங்கே போகும் என்று ஓடும்போதுதான் தெரியும். ஸ்விட்ச் டேபிள் வழியாகத் தாவும் இடங்கள் சில விட்டுப்போகும். ஃபங்ஷனின் கடைசி வேலையே இன்னொன்றைக் கூப்பிடுவதுதான் என்றால், கம்பைலர் சிக்கனம் பிடித்துக் காலை 233 என்ற தாவலாக மாற்றிவிடும். அது என் கணக்கில் வராது. வராமல் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு கால் விட்டுப்போனால் என் டூலின் ரிப்போர்ட்டில் ஒரு வரி குறையும். இல்லாத காலை மாற்றினால் ஊரார் கணக்கு பூஜ்யமாகும்.

ஜிபிராஃப் ஏன் அவ்வளவு முரட்டுத்தனமாகத் தேடியும் பிழைத்தது என்று அப்போதுதான் உறைத்தது. அது எதையும் மாற்றி எழுதுவதில்லை. இப்படித் தேடிக் கிடைத்த கால்களை 0 தடவை என்று எண்ணிக்கை போட்டு, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற படத்தில் சேர்க்கிறது. ஒன்றையொன்று மாறி மாறிக் கூப்பிடும் ஃபங்ஷன்களைச் சரியாக ஒரே கூட்டமாகச் சேர்ப்பதற்குத்தான் அவை, நேரத்தை அவற்றின் வழியாகப் பங்கு போடுவதில்லை. நான் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டேன். சோர்ஸ் கையில் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. லினக்ஸ் கர்னலைப் பார், ஃபங்ஷன் அழைப்புகளைப் பின்தொடரும் எஃப்ட்ரேஸுக்காக, எக்ஸ்86-இல் ஏறக்குறைய ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் கம்பைலரே 5 பைட் இடம் விடுகிறது, அந்த இடங்களின் பட்டியலும் பில்ட் செய்யும்போதே தயாராகிவிடுகிறது. எதையும் தேட வேண்டாம்.

பில்லிங் ப்ரோக்ராம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். திருத்திய டூலைப் போட்டதும் ஆள் அகப்பட்டான். ஒவ்வொரு பில்லுக்கும் விடுமுறை நாள் பட்டியலை ஃபைலிலிருந்து முதலில் இருந்து படித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபைலில் பல வருடத்துப் பொங்கலும் தீபாவளியும் குவிந்து கிடந்தன. கோடைத் தொட முடியாது, ஆனால் ஃபைலைத் தொடலாமே. பழைய வருடங்களை நீக்கினோம், இப்போது 11 மணிக்கெல்லாம் முடிகிறது.

உன் பம்ப் கன்ட்ரோலர் வேலை பற்றி எழுதியிருந்தாய். கார்ட்டெக்ஸ்-எம் சிப் என்றால் உன் பாடு இன்னும் வேடிக்கை. அங்கே கம்பைலரே பல ஃபங்ஷன்களின் பின்னால் எண்களைக் குவித்து வைக்கும், லிட்டரல் பூல். ஆனால் எங்கே கோடு முடிந்து டேட்டா தொடங்குகிறது என்று டாலர்-டி போட்ட குறியும் பில்டில் கிடைக்கும் ஈஎல்எஃப் ஃபைலில் இருக்கும். ஃப்ளாஷுக்கு அனுப்பும் முன் உரித்துவிடாத ஃபைல் ஒன்று இருந்தால் அனுப்பு. என் டூலை அதில் படிக்க மட்டும் விட்டுப் பார்க்கிறேன், எழுத விடமாட்டேன், சத்தியமாக.

ஆற்காடு ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், இன்று வேண்டாம். பொங்கலுக்கு நீ வரும்போது கோயம்பேட்டிலிருந்து ஆட்டோ பிடிக்காதே, மெட்ரோவில் ஏறி வடபழனியில் இறங்கு, நான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா உன்னிடம் அந்த ஃபங்ஷன் எப்போது என்று கேட்பார், நம்மைக் கூப்பிடாததில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். பதிலை யோசித்து வை.

சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது.

உன் பழைய ரூம்மேட்