குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும், அங்கேயாவது படிக்கட்டும்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. மாடிப்படி விளக்குகள் மாற்றப்பட்டன.

அப்புறம், பொது இடங்களுக்கான துப்புரவுத் திரவங்களை நாமே தயாரிக்க ஆரம்பித்தோம். செயலாளருக்கு வேறு வேலை இல்லை என்று பேச்சு அடிபடுவதால் இதை விரிவாகவே சொல்கிறேன். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் 3 பங்கு, வெல்லம் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பிளாஸ்டிக் கேனில் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி, 3 மாதம் புளிக்கவிட்டு வடிகட்டினால் தரை துடைக்கலாம். முதல் மாதம் உள்ளே வாயு சேரும் என்பதால் தினமும் மூடியைத் திறந்துவிட வேண்டும். தோல் கேட்டபோது வாளி வாளியாக வந்தது, மூடி திறக்க ஆள் கேட்டபோது ஒருவரும் வரவில்லை, நான்தான் திறந்தேன்.

கண்ணாடிக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போதும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பாட்டிலில் அடைத்து வைக்கிறார்கள் சிலர். நுரை பொங்குவது கார்பன் டை ஆக்சைடு, அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்ட பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர், மூடி இறுக்கமாக இருந்தால் பாட்டிலும் வெடிக்கும். பிளீச்சோடு வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். இதையெல்லாம் செயல்முறை விளக்கக் கூட்டத்தில் சொன்னேன், நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பளிங்கில் வினிகர் படக்கூடாது என்றும் அன்றே சொன்னேன். குழாயில் படியும் வெள்ளைக் கறையும் பளிங்கும் ஒரே சரக்கு, கால்சியம் கார்பனேட், கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் கரைக்கும். கூட்டத்துக்கு வராத ஒருவர் வாசல் பளிங்குப் படியில் ஊற்றித் தேய்த்தார், படி மங்கிப்போனது, பழி திட்டத்தின் மேல் விழுந்தது.

வாடை தாங்கவில்லை என்று எழுத்தில் புகார் கொடுத்தவர்களில் பலர் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

கணக்கைப் பொறுத்தவரை, துப்புரவுச் செலவு கணிசமாகக் குறைந்திருக்கிறது, எவ்வளவு என்பது தணிக்கை முடிந்ததும் தெரியும். கையிருப்பு இருக்கிறது, தாராளமாக இல்லை.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும், எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் துடைத்துப் பார்த்துக் குறை நிறை சொன்ன துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான்தான் தொடர வேண்டும் என்று இல்லை. யார் முன்வந்தாலும் பதிவேட்டையும் கேன்களையும் ஒப்படைத்துவிடுகிறேன். புதிய கேன் போன வாரம்தான் போட்டது, மூடியைத் தினமும் திறக்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம், பக்கத்து மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.