ஒற்றைக்கொம்பும் துணைக்காலும்

ஹட்டன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குப் பதுளைப் பக்கமே ஆசிரியர் நியமனம் கிடைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி. பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி ஆயுள் போன நம் கதை அவளுக்கு வேண்டாம். இங்கே விடாத மழை. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

என்னிடம் பயிலும் ஆசிரியப் பயிலுனர்களைச் சிந்திக்க வைக்க முடிகிறதா என்று கேட்டிருந்தாய். இப்போது கற்பித்தல் பயிற்சிக் காலம். தோட்டப் பாடசாலைகளுக்குப் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்து பார்க்கிறேன். பாடக்குறிப்பின் அடியில், பாடம் முடிந்தபின் தாம் கற்பித்ததைத் திரும்பிப் பார்த்து எழுத ‘மீள்சிந்தனை’ என்றொரு கட்டம் உண்டு. ‘பாடம் சிறப்பாக நடைபெற்றது. மாணவர் ஆர்வத்துடன் பங்குபற்றினர்’ என்பதே பெரும்பாலும் அதில் இருக்கும். பாடம் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்த ஒருவரையும் கண்டேன்! கோபிக்க மனம் வரவில்லை. அந்தக் கட்டத்துக்கும் புள்ளி உண்டே. தடுமாறியதை எழுதினால் புள்ளி குறையும் என்றால் யார்தான் எழுதுவார்?

தரம் 2 வகுப்பொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பயிலுனர் கரும்பலகையில் ‘கொழுந்து’ என்று எழுதினார். ஒரு சிறுவன் எழுந்து ‘கெழுந்து’ என்று வாசித்தான். தாய் தினமும் கொழுந்து பறிக்கப் போகிறவர். சொல் தெரியாத பிள்ளை அல்ல. வகுப்பே சேர்ந்து உரக்கச் சொன்னது, அவனும் சொன்னான், பாடம் நகர்ந்துவிட்டது. குறிப்பில் ‘மெல்லக் கற்கும் மாணவன்’ என்று பதிவாகியிருந்தது.

இடைவேளையில், “அவன் எந்த இடத்தில் தடுக்கினான்?” என்று மட்டும் கேட்டேன். பலகையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பிடிபட்டது. ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால். ஓர் உயிரொலியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைத்திருக்கிறோம். பையன் கொம்பையும் ககரத்தையும் சேர்த்து ஒழுங்காகத்தான் ‘கெ’ என்றான். மிஞ்சிய துணைக்காலை என்ன செய்வதென்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. மறுநாள் அவர் அட்டையில் ‘கொ’ எழுதி, துணைக்காலை மறைத்தும் திறந்தும் வாசிக்க வைத்தார். அன்றைய குறிப்பு: ‘கொ வாசித்தான். பொ வந்ததும் மீண்டும் பெ என்கிறான். ஏன்?’ அந்த ‘ஏன்’ ஒன்றுக்காக எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.

ஆசிரியராக வருகிறவர், தாம் மாணவராக இருந்த காலமெல்லாம் ஆசிரியர்களைப் பார்த்தே ஒரு தொழிற்பயிற்சி பெற்றுவிடுகிறார் என்று டான் லோர்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் எழுதினார். ஆசிரியர் செய்வது கண்ணில் படும். ஏன் செய்கிறார் என்பது படாது. ‘எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்’ என்பதைத் தரம் 1 முதல் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, அவசரத்தில் அதுதான் வாயில் வரும். மீள்சிந்தனை பற்றி விரிவுரை நடத்தி இதை மாற்ற முடியாது.

ஆகவே இந்தத் தவணை என் குழுவுக்குப் புள்ளியில்லாத தனிக் கொப்பி கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளை, அது செய்த ஒரு பிழை, அதற்குப் பயிலுனர் ஊகிக்கும் காரணம்; அவ்வளவுதான் எழுத வேண்டும். புள்ளி இல்லையென்றால் எழுதமாட்டார்கள் என்கிறார் சக விரிவுரையாளர். சிலர் எழுதவில்லை என்பதும் உண்மை. பொய் எழுதிய பக்கத்தைவிட வெற்றுப் பக்கம் எனக்குப் பரவாயில்லை.

உன் மகளிடம் ஓர் உதவி கேள். அவள் வகுப்பில் ‘கை’, ‘கே’, ‘கோ’ ஆகியவற்றில் தடுமாறும் பிள்ளைகளின் கொப்பிப் பக்கங்கள் சிலவற்றை, பெயரை மறைத்துப் பிரதியெடுத்து அனுப்பட்டும். அடுத்த சந்திப்பில் என் பயிலுனர்கள் முன் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி