25.8 டிகிரியிலேயே நின்றுபோன சில்லர் குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கால் ஹெச்.பி. மீன்தொட்டி சில்லரில் சென்சார் பழுது – உத்தரவாதக் காலத்திலும் மாற்றித் தராதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பவளமும் மீனும் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியின் நீரைக் குளிர்விக்க, தங்கள் நிறுவனத்தின் கால் ஹெச்.பி. சில்லரைச் சென்ற ஆகஸ்ட் மாதம் 38,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் இரண்டு ஆண்டு உத்தரவாதம் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஏப்ரல் 9ஆம் தேதி முதல் மே 21 ஆகிய இன்று வரை பதினான்கு முறை தொலைபேசியில் பேசி, நான்கு புகார் எண்கள் வாங்கி, இயந்திரத்தையே ஒரு முறை ஓசூர் வரை தூக்கிச் சென்று திரும்பியும் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

பழுது மிக எளிமையானது. டிஸ்பிளே இரவும் பகலும் 25.8 என்றே காட்டுகிறது. நான் 26-இல் செட் செய்திருக்கிறேன். நீர் 27-ஐத் தொட்டதும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் என்று தங்கள் கையேடே சொல்கிறது. 25.8 என்று நம்பிக்கொண்டிருக்கும் இயந்திரம் எதற்காக ஓடப்போகிறது? தொட்டியில் நான் தொங்கவிட்டிருக்கும் கண்ணாடி வெப்பமானியோ ஏப்ரல் கடைசி வாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு 31.2 காட்டியது. இரண்டும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி எடுத்த புகைப்படத்தை மூன்று முறை அனுப்பிவிட்டேன். மூன்று முறையும் "படம் தெளிவாக இல்லை" என்ற ஒரே பதில்தான் வந்தது.

மே 3ஆம் தேதி மாலை பேசிய தங்கள் ஊழியரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. நான் முழு விவரத்தையும் சொல்லி முடித்த பிறகு அவர் சிரித்துக்கொண்டே, "சார், மீனுக்கெல்லாம் ஏசி போட்டா இப்படித்தான் ஆகும். ஏரி மீனு என்ன வெயில்ல செத்தா போயிடுது?" என்றார். மீனுக்கு ஏசி செய்து விற்பது நீங்கள். உங்களை நம்பி வாங்கியவன் நான். பெட்டியின் மேல் பவளமும் கோமாளி மீனும் அச்சடித்திருப்பதும் நான் அல்ல. ஏரியில் மீன் ஆழத்துக்கு இறங்கிக்கொள்ளும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி உயரமுமுள்ள கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே போகும்? நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. பவளத்தின் நிலைமை அதைவிட மோசம். அதன் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசியை வெப்பம் தாளாமல் அது வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 24 முதல் 27 டிகிரிக்குள் நீரை வைத்திருப்பது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. இதைத் தங்கள் நிறுவனத்துக்கு நான் விளக்க வேண்டியிருப்பதே வேதனை.

தங்கள் அலுவலகத்தில் அனைவரையும் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஏப்ரலில் முதன்முதலில் பேசிய அம்மையார் மரியாதையாகவே பேசினார். ஐந்து வேலை நாட்களில் ஆள் வருவார் என்றார். ஆள்தான் வரவில்லை. கிருஷ்ணகிரிக்கு வீட்டுச் சேவை கிடையாது, ஓசூருக்குக் கொண்டுவாருங்கள் என்று பதினோராம் நாள் வேறொருவர் சொன்னார். விற்கும்போது இதைச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

ஓசூர்ப் பயணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்தருள்க. கம்ப்ரஸர் உள்ள இயந்திரத்தைச் சாய்த்து வைக்கக்கூடாது என்பதால் பத்தொன்பது கிலோ எடையை அரசுப் பேருந்தின் பின்படிக்கட்டருகே நிமிர்த்தி வைத்து, ஐம்பது கிலோமீட்டரும் நின்றபடியே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு போனேன். அதற்குத் தனியாகச் சுமைக் கட்டணம் வேறு. சேவை மையத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருந்த பிறகு ஒருவர் வந்தார். நீரும் இல்லாமல், பம்பும் இல்லாமல், ஏசி அறையில் சுவரோரம் இருந்த பிளக்கில் இயந்திரத்தைச் செருகினார். டிஸ்பிளே 25.8 காட்டியது. அவர் சுவரிலிருந்த ஏசியின் எண்ணைப் பார்த்தார், அது 25. "கரெக்டா காட்டுது சார், மிஷின் நல்லா இருக்கு" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். ஐயா, அந்தச் சென்சாரைக் கொதிக்கும் உலையில் வைத்திருந்தாலும் 25.8 என்றுதான் காட்டியிருக்கும்! ஒரு வாளி வெந்நீரில் வைத்துப் பாருங்கள் என்று நான் கெஞ்சினேன். வாளி இல்லை என்றார்கள். "பழுது இல்லை" என்ற அந்தச் சீட்டைத்தான் இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் எனக்கே படித்துக்காட்டுகிறார்கள்.

இடைப்பட்ட நாட்களில் நான் பட்ட பாடு வேறு கதை. தொட்டிக்குக் கீழுள்ள வடிகட்டித் தொட்டியான சம்பின் மேல் இரண்டு மின்விசிறிகளை ஓடவிட்டால் நீர் ஆவியாகி இரண்டு டிகிரி குறைகிறது. ஆனால் நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் குறைந்து, உப்பு அடர்த்தி ஏறிவிடுகிறது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது, நாள்தோறும் ஆர்.ஓ. நீர் பிடித்து ஊற்றுகிறேன். இரண்டு லிட்டர் பாட்டிலில் பனிக்கட்டி உறையவைத்து மிதக்கவிடுங்கள் என்று தங்கள் ஊழியர் யோசனை சொன்னார். சம்பையும் சேர்த்து முந்நூறு லிட்டர் நீரை அது அரை டிகிரிக்குச் சற்று மேல் குறைக்கும். உருகி முடிந்ததும் மீண்டும் ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கமே தனி ஆபத்து. நள்ளிரவில் பாட்டில் மாற்ற அலாரம் வைத்து எழுகிறேன்.

ஆயினும் காப்பாற்ற முடியவில்லை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கல் பவளம் எதையும் நான் வைத்திருக்கவில்லை, மென்பவளங்கள் மட்டுமே. உள்ளங்கை அகலத்துக்கு நான்கு ஆண்டுகள் வளர்த்த லெதர் பவளம் சுருங்கிக் கரைந்துபோனது. பூப்போல் விரியும் ஸோவாந்திட் என்ற பவளவகைக் கூட்டத்தில் பாதி திறக்கவே இல்லை. இறால் இறந்துவிட்டது. என் உழைப்பையும் உறக்கத்தையும் சேர்த்தால் இழப்பு மூன்று லட்சத்துக்கு ஒரு ரூபாயும் குறையாது.

கொள்முதல் ரசீது, வாரன்டி அட்டை, புகைப்படங்கள், ஓசூர்ச் சீட்டு, பேருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். சென்சாரையும் கன்ட்ரோல் போர்டையும் என் வீட்டுக்கே வந்து மாற்றித் தர வேண்டும், இல்லையேல் புதிய இயந்திரம் தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் இது நடக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுப்பேன். செலுத்திய விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்போது ஓசூர் வரை அல்ல, கிருஷ்ணகிரி வரை நீங்கள் வரவேண்டியிருக்கும். அந்த நிலைக்குத் தாங்கள் விடமாட்டீர்கள் என்றே இன்னமும் நம்புகிறேன்.

மே 3ஆம் தேதி பேசிய ஊழியரின் அழைப்புப் பதிவைத் தாங்களே ஒரு முறை கேட்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. வருபவர் கண்ணாடி வெப்பமானி ஒன்றைக் கையோடு கொண்டுவரட்டும். வாளியும் வெந்நீரும் என் வீட்டில் இருக்கின்றன. மாலை ஐந்தரைக்கு மேல் எந்த நாளும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி, மே 21.