மீன் இல்லாத தொட்டிக்குத் துணை நின்றவர்களுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பாலர் வகுப்பு மீன்தொட்டியில் ஆறு கப்பி மீன்கள் நீந்தத் தொடங்கி நேற்றோடு 17 நாள். ஒன்றுகூடச் சாகவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது. ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நவராத்திரி நேரம் ஒரு சின்னத் தொட்டி வாங்கினோம். காலையில் பைப் தண்ணீர் நிரப்பி, பத்து மணிக்கே 12 மீனை விட்டோம். வாங்கிய இடத்தில் உடனே விடலாம் என்றார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளிறிப்போனது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெள்ளிக்கிழமை காலையில் கடைசி மீனும் அடியில் கிடந்தது. நாலு வயதுப் பிள்ளை ஒன்று கண்ணாடியில் கையை வைத்து, "டீச்சர், மீன் நித்திரையா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இந்த முறை 38 நாள் எங்கள் தொட்டி மீனே இல்லாமல் ஓடியது. அந்த 38 நாளும் எங்களோடு நின்றவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மீன் கடைத் தம்பிக்கு. காசோடு போன எனக்கு அவர் மீன் விற்கவில்லை. "தொட்டி எப்ப வச்சது டீச்சர்?" என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை, வந்ததும் விடப்போகிறோம் என்றேன். வலையைக் கீழே வைத்துவிட்டார். "இப்ப நான் தரமாட்டன். தண்ணி பழுக்கோணும். தந்தா போன முறை மாதிரித்தான் நடக்கும், பிள்ளையள் திரும்பவும் அழுவினம்." என்னிடம் இருந்தது 20 மீனுக்கான காசு. யாவாரம் குறைந்திருந்த நேரத்தில் அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனம் வேண்டும். காசு வாங்காமலே பைப் தண்ணீரில் உள்ள குளோரினைப் போக்கும் மருந்து ஒரு சின்னப் போத்தலில் தந்து, தண்ணீரைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரின் நம்பரையும் எழுதித் தந்தார். எல்லாம் அந்தத் துண்டிலிருந்துதான் தொடங்கியது.

அந்த நம்பருக்கு உரியவர் இளைப்பாறிய இரசாயன ஆசிரியர். சேர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் வந்தீர்கள். மீனின் கழிவும் மிஞ்சிய சாப்பாடும் அமோனியாவாக மாறி மீனின் செவுளை எரிக்கும் என்றும், ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும் என்றும், அந்த நைத்திரைற்றும் நஞ்சுதான், இரத்தம் ஒட்சிசனைக் காவ விடாது என்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கிய பிறகுதான் மீனுக்குப் பாதுகாப்பு என்றும் எனக்கு விளங்கும்படி சொன்னீர்கள். இதுதான் நைத்திரசன் வட்டம், நான் ஓஎல் பரீட்சைக்குப் பாடமாக்கிய படம். அந்த வட்டம் சுற்றத் தொடங்கும் முன்னமே மீனை விட்டதால்தான் அந்த 12 மீனும் செத்தன என்பது உங்கள் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 அளவில் இந்தப் பற்றீரியாக்களை மண்ணிலிருந்து பிரித்தெடுத்த கதையையும் சொன்னீர்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, கதை நன்றாகப் பிடித்துப்போனது.

தொட்டி செய்து தந்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த கண்ணாடிக் கடை நானா. 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம், 6 மில்லிமீற்றர் கண்ணாடி. குளியலறைக்குப் பூசும் சிலிக்கனில் பூஞ்சண மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது என்று அது கலக்காததைத் தேடி வாங்கி வந்தார். இரண்டு நாள் வகுப்பெல்லாம் வினாகிரி மணம். தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது ஒரு மூலையில் ஒரு சொட்டு கசிந்தது. நாங்கள் சொல்லும் முன்னமே கண்டுவிட்டார். முழுவதையும் வடித்து, காயவைத்து, அந்த மூலையைச் சுரண்டித் திரும்பப் பூசி, இன்னும் இரண்டு நாள் காத்திருந்தார். காசு கண்ணாடிக்கு மட்டும்தான் எடுத்தார். அல்லாஹ் உங்களுக்கு நிறையத் தரவேண்டும், நானா.

100 லீட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. மணலும் கண்ணாடியும் சேர 140 கிலோவை நெருங்கும். எங்கள் மேசை அதைத் தாங்காது. மேசன் வேலை செய்யும் அப்பா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து சீமெந்துக் கல்லில் இரண்டு தூண் கட்டி, மேலே பலகை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ரெஜிபோம் தகடும் விரித்துத் தந்தார். யன்னல் வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று உள்பக்கச் சுவரோடு வைத்தோம்.

மணல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கடற்கரை எங்களுக்கு ஐந்து நிமிட நடை. பிள்ளைகள் சிப்பியும் சோகியும் பை நிறையக் கொண்டுவந்துவிட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அழுதிருப்பார்கள். சேர் ஒரு கோப்பையில் சிப்பியைப் போட்டு வினாகிரி விட்டார். "நுரைக்குது, நுரைக்குது!" என்று வகுப்பே எழும்பியது. சிப்பியும் முருகைக்கல்லும் சுண்ணாம்பு, அது கரையக் கரையத் தண்ணீர் கடினமாகிக்கொண்டே போகும். அடுத்த கோப்பையில் ஆற்று மணல் ஒரு பிடி. அதில் ஒன்றும் நடக்கவில்லை. எந்த மணல் உள்ளே போகவேண்டும் என்று பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சிப்பிகளை வாசலில் வரிசையாகப் பதித்திருக்கிறோம்.

அந்த ஆற்று மணலைக் கழுவியது மூன்று அம்மம்மாமார். ஒருவர் வீட்டிலிருந்து அரிக்கன்சட்டி கொண்டுவந்தார். அரிசியில் கல் அரிப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக மணலை எடுத்து, சட்டியை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டி ஆட்டிக் கலங்கல் தண்ணீரை வடித்தார். முதல் தண்ணீர் தேத்தண்ணி நிறம். பதினாலாவது தண்ணீரில் அவருடைய வளையல் அடியில் தெளிவாகத் தெரிந்தது. "இப்ப போடலாம் பிள்ளை" என்றார். அம்மம்மா, உங்கள் கை வலி இப்போது எப்படி?

தண்ணீருக்கும் நன்றி சொல்ல ஆள் உண்டு. எங்கள் கிணறு உவர், ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. ஆகவே கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் பைப் தண்ணீர்தான். முன்வீட்டு அண்ணை தன் பெரிய பரலை இரவல் தந்தார். அதில் பிடித்து, திறந்தபடி இரண்டு நாள் வைத்து, மருந்தும் சேர்த்தோம். கரண்ட் போன இரவில் பில்டர் நின்றால் உள்ளே இருக்கும் பற்றீரியா மூச்சுமுட்டிச் சாகும் என்று கேள்விப்பட்டு, தன் வீட்டு இன்வேட்டரிலிருந்து வயர் இழுத்துத் தந்தவரும் அவர்தான். ஹீட்டர் தேவைப்படவில்லை. எங்கள் ஊர் வெக்கையில் தண்ணீர் 28 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை.

பிறகு காத்திருப்பு. பற்றீரியாவுக்குத் தீனியாக அமோனியா வேண்டும், அதற்காகச் சந்தையில் வாங்கிய ஒரு இறாலை நைலோன் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். அது அழுகிய மணத்தைப் பொறுத்துக்கொண்ட பெற்றோருக்குத் தனி நன்றி. ஒன்பதாம் நாள், பாலையூற்றில் பல வருடமாக மீன் வளர்க்கும் ஒரு அண்ணா, தன் பில்டரில் இருந்த மண்ணிற ஸ்பொஞ்சைப் பாதியாக வெட்டி, தன் தொட்டித் தண்ணீரிலேயே அமிழ்த்தி, வாளியோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். காய்ந்தாலும், பைப் தண்ணீரில் கழுவினாலும் அதிலுள்ள பற்றீரியாவின் உயிர் போய்விடுமாம். பார்த்தால் ஒரு அழுக்குத் துண்டு. எங்களுக்குக் கிடைத்ததில் பெரிய தானம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சேர் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். பிள்ளைகள் அதே நிறத்தைப் பெஸ்டலால் சுவர்த் தாளில் ஒரு கட்டத்தில் தீட்டுவார்கள். அமோனியாவுக்கு மேல் வரிசை, நைத்திரைற்றுக்குக் கீழ் வரிசை. மஞ்சள் என்றால் அமோனியா இல்லை, ஊதா என்றால் நைத்திரைற்று இன்னும் இருக்கிறது. மேல் வரிசை மஞ்சளில் தொடங்கிப் பச்சை, கரும்பச்சை என்று போய், 19ஆம் நாள் திரும்ப மஞ்சளுக்கு வந்தது. கீழே ஊதாவுக்கு மேல் ஊதா. ஊதாப் பெஸ்டல் தேய்ந்து தீர்ந்து, ஒரு அம்மா புதுப் பெட்டி வாங்கி அனுப்பினார். 33ஆம் நாள் காலை சேர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். ஒருவரும் பேசவில்லை. மீன் நித்திரையா என்று கேட்ட அதே பிள்ளைதான் முதலில் சொன்னாள்: "ஊதா இல்லை டீச்சர். வானம் மாதிரி இருக்கு."

அன்றைக்கே மீன் வாங்க எனக்கு ஆசை. சேர் விடவில்லை. இன்னொரு இறால் துண்டு போட்டு, இரண்டு வரிசையும் நிறம் மாறாமல் நிற்கிறதா என்று நாலு நாள் பார்த்தார். பிறகு பாதித் தண்ணீரை மாற்றி நைத்திரேற்றைக் குறைத்தோம். 38ஆம் நாள் கடைத் தம்பி தானே பையோடு வந்தார். ஆறுதான். மிச்சம் இரண்டு கிழமை கழித்து என்றார், பற்றீரியாவும் மீனுக்கு ஏற்றபடி பெருக வேண்டுமாம். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, இடையிடையே கோப்பையால் தொட்டித் தண்ணீரை ஊற்றி, வலையால் ஒவ்வொன்றாக விட்டார். பிள்ளைகள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, போன வருட மீன்கள் நித்திரை கொள்ளவில்லை, செத்துப்போயின, டீச்சருக்கு அப்போது தெரியவில்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள்.

பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டவர்கள் அதிகம் என்பதால் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. நீங்கள் யார் யார் என்று 22 பிள்ளைகளுக்கும் தெரியும்.

பக்கத்துப் பாலர் வகுப்புகளிலோ வீடுகளிலோ யாராவது புதுத் தொட்டி வைக்கிறீர்கள் என்றால், எங்கள் ஸ்பொஞ்ச் இப்போது நன்றாக மண்ணிறமாகிவிட்டது, பாதி வெட்டித் தருவோம். மூடியுள்ள வாளியோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பன்னிரண்டு மணிக்கு மேல் வாருங்கள்.

நன்றியுடன்,
பாலர் வகுப்பு ஆசிரியை